பழைய வில்லையும் புதிய வில்லையும்

உயர்விலை பைனாகுலர்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இரண்டு தரப்புகள் உருவாகிவிடுகின்றன. ஒரு தரப்பைப் பொறுத்தவரை, செய்நேர்த்தி என்பது உலோக உடலும் தோலுறையும் கொண்ட கருவிகளின் காலத்தோடு முடிந்துபோனது. மறு தரப்புக்கோ புதிய மாதிரி வெளிவந்த அன்றே முந்தையது பழம்பொருள். மரபு என்றும் நவீனம் என்றும் அணிபிரிந்து நிற்கும் இலக்கியச் சர்ச்சைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இக்காட்சி புதிதல்ல. இரு தரப்புமே ஆண்டைக் கொண்டு தரத்தை அளக்கின்றன என்பதுதான் நமது மறுப்பு. எந்த மாற்றம் காட்சியைத் திருத்தியது, எந்த மாற்றம் காட்சியை வேறொன்றாக ஆக்கியது என்று பிரித்தறிவதே பயனுள்ளது. முதல்தர ஐரோப்பியக் கருவியொன்றின் விலை இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டும் நிலையில் இது வெறும் ரசனைப் பேச்சாக நின்றுவிடுவதும் இல்லை.

பழமையின் பக்தர்களுக்குச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுவோம். 1960களில் ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனம் செய்த ட்ரினோவிட், வடிவழகில் இன்றும் ஈடற்றது. மெலிந்த நேர்க்குழல்கள், கைக்கு அடக்கமான உடல். ஆனால் நேர்க்குழலுக்குள் அமரும் கூரைவடிவப் பட்டகத்துக்குப் பிறவிக் குறை ஒன்று உண்டு. ஒளிக்கற்றை கூரையின் இரு சரிவுகளில் பிரிந்து பிரதிபலித்து மீண்டும் சேரும்போது அலைகளின் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. விளைவாக இறகின் நுண்வரிகள் போன்ற விவரங்கள் கலங்கித் தெரிகின்றன. வில்லையை எவ்வளவு நேர்த்தியாகத் தேய்த்தாலும் இக்குறை நீங்காது. 1988இல் கார்ல் ஸெய்ஸ் நிறுவனம் பட்டகத்தின் மீது கட்டத்தைச் சரிசெய்யும் மெல்லிய பூச்சொன்றை அறிமுகம் செய்தது. சில ஆண்டுகளுக்குள் ஏனைய முன்னணி நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. கூரைப் பட்டகக் கருவிகளின் வரலாற்றில் முன், பின் என்று கோடு கிழிக்கத்தக்க இடம் இதுவே. அதற்கு முந்தைய ட்ரினோவிட்டைக் கலைப்பொருளாகப் போற்றலாம். இன்றைய கருவியைவிடத் தெளிவாகக் காட்டுவதாகச் சொல்வது நினைவேக்கம் மட்டுமே.

நிறப்பிறழ்ச்சி விஷயத்திலும் புதுமையின் பக்கமே நியாயம் இருக்கிறது. வெளிறிய வானத்தின் பின்னணியில் அமர்ந்திருக்கும் காகத்தின் விளிம்பில் ஊதா நிறக் கசிவொன்று தெரியும். 2004இல் வந்த ஸெய்ஸ் விக்டரி எஃப்எல், ஃப்ளோரைடு சேர்ந்த கண்ணாடியைக் கொண்டு அதை வெகுவாகக் குறைத்தது. நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட உடலையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம்முடைய கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், அடைப்பில்லாத பழைய கருவியின் உட்புறத்தில் பூஞ்சை படர்ந்தால் பூச்சே அரிக்கப்பட்டுவிடும். ஐரோப்பியச் சேகரிப்பாளருக்குச் சிறு விஷயமாகத் தோன்றும் இது நமக்குக் கருவியின் ஆயுள் பற்றிய கேள்வி.

இதுவரை சொன்னவை திருத்தங்கள். இனி வருபவை தேர்வுகள்.

ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி ஆப்டிக் 1999இல் கொண்டுவந்த இஎல் வரிசை, 2010இல் ஸ்வரோவிஷன் என்னும் பெயரில் மாற்றி அமைக்கப்பட்டது. பார்வைப் புலத்தைத் தட்டையாக்கும் வில்லைகள் கண்ணருகே சேர்க்கப்பட்டன. நடுவில் இருக்கும் கூர்மை ஏறக்குறைய ஓரம்வரை நீண்டது. நேர்கோடுகள் ஓரத்திலும் பெரிதும் நேராகவே நின்றன. ஓரிடத்தில் நிலைத்து நோக்குபவருக்கு இது வியப்பூட்டும் காட்சி. ஆனால் பறக்கும் பறவையைத் தொடர்ந்து கருவியைப் பக்கவாட்டில் திருப்பும்போது, காட்சி ஓர் உருண்டையின் மேல் உருள்வதைப் போலச் சிலருக்குத் தலைசுற்றல் உண்டாகிறது. இது தயாரிப்புக் குறை அன்று. ஓரங்களில் நேர்கோடுகளைச் சற்றே உள்நோக்கி வளையவிட்டால் உருளல் அடங்கும் என்பது 1940களின் இறுதியிலேயே ஸெய்ஸ் வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது பார்வைக்கே இயல்பாக ஒரு வளைவு உண்டு என்பதைச் சதுரங்கக் கட்டங்களைக் கொண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டியிருந்தார். ஆகவே பழைய கருவிகளின் ஓர வளைவு பல சமயம் தெரிந்தே செய்யப்பட்டது; கண்ணைக் கருதிச் செய்யப்பட்டது. புதிய கருவி அதைக் குறைத்ததை முன்னேற்றம் என்று எழுதுவோர், கருவியைச் சுவருக்கு எதிரே வைத்துச் சோதித்தவர்கள் என்றே தோன்றுகிறது.

ஒளியின் கதையும் இப்படித்தான். ஸ்வரோவ்ஸ்கியின் ஹாபிஹ்ட் 1949இல் பிறந்த வடிவம். பழைய போரோ பட்டகங்களைக் கொண்டது. இப்பட்டகத்தில் ஒளி முழு அக எதிரொளிப்பால் திரும்புவதால் கண்ணாடிப் பரப்பில் உலோகப் பூச்சு எதுவும் தேவையில்லை. கட்டம் பிசகும் சிக்கலும் இல்லை. நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி ஹாபிஹ்ட் 8x30 ஒளியில் 96 விழுக்காட்டைக் கடத்துகிறது. 2020இல் வந்த அதன் உச்சநிலைக் கருவியான என்எல் ப்யூர் 91 விழுக்காட்டை. புதிய பூச்சைப் பெற்ற பழைய வடிவம் இங்கே முந்துகிறது. இதைக் கொண்டு ஹாபிஹ்டுக்கு முடிசூட்டவும் நாம் தயாரில்லை. ஐந்து விழுக்காட்டு வேறுபாட்டைக் கண் எளிதில் உணராது. மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு ஹாபிஹ்டின் பார்வைப் புலம் முழுதாகக் கிட்டாது. அதன் குவியச் சக்கரமும் இறுக்கமானது. என்எல் ப்யூர் 8x42 ஆயிரம் மீட்டர் தொலைவில் 159 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது; ஹாபிஹ்ட் 136 மீட்டரோடு நின்றுவிடுகிறது. ஒன்று மற்றொன்றை வென்றுவிட்டது என்று சொல்ல இடமில்லை.

கைவிடப்பட்ட மற்றொரு தேர்வையும் குறிப்பிட வேண்டும். ஸெய்ஸ் டயாலிட் 7x42 ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிவட்டத்தைக் கண்ணுக்குத் தந்தது. கண் சற்றே நகர்ந்தாலும் காட்சி இருளாது. ஏழு மடங்கே பெருக்குவதால் கைநடுக்கமும் குறைவாகத் தெரியும். வாங்குவோர் எட்டையும் பத்தையும் நாடினர். முன்னணி நிறுவனங்களின் பட்டியல்களில் 7x42 அருகிவிட்டது. அதைவிடச் சிறந்த ஒன்று வந்ததனால் அல்ல, கடை அலமாரியில் பத்து ஏழைவிடப் பெரிதாகத் தோன்றுவதனால்.

எனவே நமது கருத்து இது. கட்டத் திருத்தப் பூச்சுள்ள, உட்புறம் தூய்மையாக இருக்கும் நல்ல கருவி கையில் உள்ளவர் புதிய மாதிரிக்காக அதை விற்க வேண்டிய அவசியம் இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பகுதியைப் பழுதுபார்ப்புக்கும், மீதியை நீர்நிலைகளுக்குச் செல்லும் பயணத்துக்கும் செலவிடலாம். முதன்முறையாக வாங்குவோர், 1988க்கு முந்தைய கூரைப் பட்டகக் கருவிகளைப் பெயருக்காக வாங்குவதைத் தவிர்க்கலாம். புதியது, பழையது எதுவாயினும், விலைகொடுக்கும் முன் மூன்று சோதனைகளைத் தம் கண்ணால் செய்து பார்க்கட்டும்: வானத்தின் எதிரே நிற்கும் கரிய கிளை, அந்தி வெளிச்சம், பறக்கும் பறவையைத் தொடரும் அசைவு. மூக்குக்கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே பார்க்க வேண்டும். பட்டியலில் உள்ள எண்கள் கருவியைப் பற்றியவை. அவற்றை எழுதியவர் உங்கள் கண்ணை அறியமாட்டார்.