இந்த மாத மர்மம்: மழைக்கால மரக்காணத்துக்குச் சில நாவல்கள்

அக்டோபர் பிறந்து மழை பிடித்துவிட்டால் மரக்காணத்தில் உப்பு வாருவது நின்றுவிடும். பாத்தியில் மழைத்தண்ணீர் நின்றால் உப்பு ஏது, கூலி ஏது? உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக அரசு தரும் 5,000 ரூபாயில் எத்தனை நாள் ஓட்டுவது என்பதுதான் அந்த மாதங்களின் பெரிய மர்மம். நேரம் நிறைய, காசு குறைவு. அப்படிப்பட்ட வீடுகளுக்கு, இரவல் வாங்கியாவது படிக்கத் தகுந்தவை இந்த மாதப் பட்டியலில். எல்லாம் பழசுதான். பழசு என்றால் பாதி விலையிலும் கிடைக்கும்.

முதலில் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. 1981-ல் குமுதத்தில் தொடராக வந்தது. சொத்துக்கு வாரிசான பெண், ஒரு பெரிய வீடு, இரவில் தெரியும் உருவம். கணேஷ் அறிவியல் என்கிறான், வசந்த் பேய் என்கிறான். அன்று ஹோலோகிராம் என்ற வார்த்தையே வாசகர்களை வாய்பிளக்க வைத்தது. இன்று கையில் போன் வைத்திருக்கும் எட்டாம் வகுப்புப் பையன் அதற்கு மசிய மாட்டான். ஆனாலும் இருட்டில் கணேஷ் தனியாக நடக்கும் பக்கங்களில் பயம் குறையவே இல்லை. கடைசியில் யார் சொன்னது சரி என்று வீட்டில் சண்டை வருவது நிச்சயம். ஒரு எச்சரிக்கை: பெண்களைப் பற்றி வசந்த் அடிக்கும் ஜோக்குகள் இப்போது நெருடுகின்றன. பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டுவிடு கருப்பா’வை, சன் டி.வி.யில் ‘விடாது கருப்பு’ என்று பார்த்து, போர்வைக்குள் ஒளிந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்டிப்பது ஊர்க்காவல் தெய்வமா, அதன் பெயரில் ஒரு மனிதனா? எல்லையில் மண்குதிரையோடு நிற்கும் அய்யனாரைக் கும்பிட்டு வளர்ந்த விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வெறும் கதை இல்லை. நம்புகிறவரை அவர் கேலி செய்வதில்லை, நம்பாதவரை விரட்டுவதும் இல்லை. 2024 நவம்பரில் அவர் மறைந்த பிறகு அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. முடிவு தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

புதுச்சேரி பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு ராஜேஷ்குமார். கோவைக்காரர். 1,500-க்கும் மேல் நாவல்கள் என்பதால் எதைச் சிபாரிசு செய்தாலும் நூறு பேர் வேறொன்றைச் சொல்வார்கள். சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள் மாறி மாறி ஓடி, கடைசியில் முட்டிக்கொள்ளும் இடம்தான் அவருடைய ருசி. விவேக், ரூபலா இருவரும் வருகிற எதையும் எடுக்கலாம். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டினால் பத்திரிகை பொறுப்பல்ல.

பத்து வயதுக் குழந்தை இருக்கும் வீடா? யோசிக்காமல் தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. தப்புத் தப்பாகச் செய்து சரியாகக் கண்டுபிடிக்கும் மனுஷன். மாயாஜாலம், எந்திரம் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ‘என் இனிய இயந்திரா’. அதில் வரும் இயந்திர நாய் ஜீனோவுக்கு, இன்றைய சாட்பாட்டுகளைவிட நகைச்சுவை உணர்வு அதிகம்.

இத்தனை கொலைகளும் நடப்பது ஜமீன் பங்களாவிலோ, எஸ்டேட்டிலோ, நகரத்து ஃபிளாட்டிலோதான். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரப் போகிறவர்கள் இருட்டோடு வரப்பில் நடக்கும் மரக்காணத்துக்கு எந்தத் துப்பறிவாளரையாவது அனுப்பினால் என்ன? ஒளிய ஒரு மரம் கிடையாது. ஈரப் பாத்தியில் கால் வைத்தால் தடம் அப்படியே நிற்கும். கொலைகாரனுக்குச் சிரமம், எழுத்தாளருக்கு அதைவிடச் சிரமம்.

அடுத்த மாதம் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா.