கறுத்துப்போகும் பயணம்

கூண்டிலிருந்து எடுத்தாலே பச்சோந்தி கறுத்துப்போகிறது, வாயைப் பிளந்து சீறுகிறது. அதை மருத்துவரிடம் தூக்கிப்போவதே வதை, வீட்டிலேயே தேறட்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏமன் பச்சோந்தியை வளர்ப்பவர்கள் பலரின் வாதம். இரக்கம் உண்மையானதுதான், கணக்குத்தான் தப்பு. காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் இரையாக வேண்டியதுதான் என்பதால், நோயை ஒளித்தே பழகிய பிராணி இது. கண் குழிந்து, பகலிலும் இமை மூடி, கிளைப்பிடி நழுவும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். புற ஊதா-பி ஒளி குறைந்தால் உடலில் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது. கால்சியத்துக்கு உடல் தன் எலும்பையே கரைக்கும். தாடை இளகும், கால் வளையும். எக்ஸ்ரே காட்டும் இந்தச் சேதத்தை வீட்டு வைத்தியம் சரிசெய்யாது. இணை சேராமலே முட்டை வைக்கும் பெண் ஏமன் பச்சோந்திக்கு முட்டை அடைத்துக்கொண்டால், காத்திருப்பதே ஆபத்து.

பதற்றம் எதிர்ப்புச்சக்தியைக் குறைக்குமே என்றால், குறைக்கும்தான். ஆனால் அதில் பெரும்பங்கு நம் கைவேலை. பற்றிக்கொள்ள ஒரு குச்சியோடு இருட்டான பெட்டி, குளிராத வண்டி, நாய்கள் குரைக்காத நேரத்தில் முன்பதிவு: இவ்வளவே பாதியைத் தணிக்கும். நாய், பூனை மட்டும் பார்த்த மருத்துவர் என்ன செய்வார் என்பது அதைவிட வலுவான ஆட்சேபம். ஊர்வன பார்த்துப் பழகியவரா என்று போனிலேயே கேட்டுவிடலாம். போகும்போது கூண்டின் படமும், விளக்கு வாங்கிய தேதியும் கையில் இருக்கட்டும். வெளிச்சம் குறையாமலே புற ஊதாக் கதிர் வற்றிப்போன விளக்குகள் ஏராளம்.