பையில் அடைத்த வேடம்

அக்டோபர்த் திங்கள் பிறந்துவிட்டால் போதும். அமெரிக்க நாட்டின் மகளிர் இதழ்களும் விளம்பரத் தாள்களும் ஒரே தலைப்பை ஓரிரு சொற்கள் மாற்றி ஆண்டுதோறும் அச்சிடத் தொடங்கிவிடும்: "பெண்களுக்கு எளிய, எழிலான ஹாலோவீன் வேடங்கள்." எளிமை, எழில் என்னும் இவ்விரு சொற்களோடு எனக்குப் பகை ஏதும் இல்லை; இரண்டும் நல்ல சொற்களே. ஆனால் அவற்றின் பெயரால் அந்நாட்டுக் கடைத்தெரு பெண்களுக்கு விற்கும் சரக்கில் எளிமையும் இல்லை, எழிலும் இல்லை. என் வழக்கு அவ்வளவே.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹாலோவீன் இரவில் முஸ்லிம் குடும்பங்கள் கலந்துகொள்ளலாமா, கூடாதா என்பது மார்க்க அறிஞர்கள் பேச வேண்டிய செய்தி. அவர்கள் பேசியும் வருகிறார்கள். வேண்டாமென்று ஒதுங்கி நிற்பவரோடு எனக்கு வாதமில்லை. ஆயினும் அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய நம் மக்களின் பெண் பிள்ளைகள் பள்ளியிலும் அலுவலகத்திலும் அந்த நாளைக் கடந்தே ஆக வேண்டியிருக்கிறது. வாசலில் நிற்பவளுக்கும் வீதியில் போவது கண்ணில் படத்தானே செய்யும்?

வேடமணியும் வழக்கம் பழையது. அக்டோபர் 31-ஆம் நாள், நவம்பர் முதல் நாளான கிறித்தவர்களின் அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்திய இரவு. அதற்கும் முன்னே அயர்லாந்து, ஸ்காட்லாந்து மக்களிடையே அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் விழாவாக அந்நாள் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மக்கள் கூட்டங்கூட்டமாக அமெரிக்கா சென்றபோது வழக்கமும் கப்பலேறிற்று. ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் வேடமணிந்து வீடு வீடாகச் சென்று, ஒரு பாட்டோ ஒரு செய்யுளோ சொல்லிக் காட்டிய பிறகே பழமும் கொட்டைப் பருப்பும் பெற்றுக்கொண்டனர். வேடம் என்றால் ஆடிக் காட்ட வேண்டும் என்பது அங்கே அடிப்படை விதி.

பெண்களுக்கான 'எளிய வேடம்' என்ற பேச்சை முதலில் வணிகமாக்கியவர்களும் கெட்டிக்காரர்களே. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் டென்னிசன் என்றொரு காகித நிறுவனம் இருந்தது. தான் செய்த சுருக்கக் காகிதத்தை விற்பதற்காக அது 1909-இல் 'போகி புக்' என்னும் சிறு நூலை வெளியிட்டது. பின்னர் 1930-களின் நடுப்பகுதி வரை அவ்வரிசை பெரும்பாலும் ஆண்டுதோறும் வந்தது. கறுப்புப் பூனை ஒட்டிய மேலங்கி, வௌவால் சிறகு தைத்த தோளாடை, பூசணிப்பூ நிறத் தொப்பி என்று அதில் படங்களும் செய்முறையும் நிறைந்திருந்தன. அந்நிறுவனம் தருமத்துக்கு அந்நூலை அச்சிட்டதாக நான் சொல்லவில்லை. காகிதம் விற்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் காகிதத்தையும் யோசனையையும் கொடுத்துவிட்டு அது விலகிக்கொண்டது. கத்தரியும் ஊசியும் பெண்ணின் கையில் இருந்தன. எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எங்கே மறைப்பது, எங்கே விடுவது என்பதையெல்லாம் அவளே தீர்மானித்தாள்.

அந்தக் கத்தரி எப்போது அவள் கையை விட்டுப் போயிற்று? 1937-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் தொடங்கிய பென் கூப்பர் நிறுவனம், பெட்டியில் அடைத்த மலிவான குழந்தை வேடங்களைப் பரப்பிற்று. மெல்லிய பிளாஸ்டிக் முகமூடி ஒன்று. மார்பில் அந்தப் பாத்திரத்தின் படமும் பெயருமே அச்சிட்ட தொளதொளச் சட்டை ஒன்று. தன் படத்தைத் தானே மார்பில் ஒட்டிக்கொண்டு திரியும் வீரனை எந்தக் கதையில் கண்டோம்! பெரியவர்களின் வேடம் அப்போதும் ஓரளவு தப்பியிருந்தது. 1974-இல் பொம்மலாட்டக் கலைஞர் ரால்ஃப் லீ நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் தொடங்கிய ஹாலோவீன் ஊர்வலம் கையால் செய்த உருவங்களின் ஊர்வலமாகவே பிறந்தது. பின்பு 1983-இல் கலிபோர்னியாவின் காஸ்ட்ரோ வேலியில் ஜோசப் மார்வர் என்பவர், தாம் நடத்திவந்த மகளிர் ஆடைக் கடையில் அன்றாட ஆடைகளுக்குப் பதிலாக ஹாலோவீன் வேடங்களை நிரப்பினார். 'ஸ்பிரிட் ஹாலோவீன்' பிறந்தது. இன்று ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதங்கள் மட்டுமே திறந்து மூடும் அதன் தற்காலிகக் கடைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. பெண்கள் நாள்தோறும் உடுத்தும் துணி இருந்த அலமாரியில் ஓரிரவுத் துணி வந்து உட்கார்ந்ததை, நடந்தவற்றுக்கெல்லாம் பொருத்தமான தொடக்கம் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்கச் சில்லறை வணிகர் கூட்டமைப்பின் கணக்குப்படி 2023-இல் ஹாலோவீனுக்கு எதிர்பார்க்கப்பட்ட செலவு 1,220 கோடி டாலர். அதில் வேடங்களுக்கு மட்டும் 410 கோடி.

இனி அந்தப் பையைத் திறந்து பார்ப்போம். ஆணின் பையில் தீயணைப்பு வீரன் என்று எழுதியிருந்தால், உள்ளே நீண்ட அங்கியும் காற்சட்டையும் தலைக்கவசமும் இருக்கும். பெண்ணின் பையிலும் தீயணைப்பு வீரர் என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே தொடைக்கு மேலே நின்றுவிட்ட பாவாடையும், இறுகப் பிடித்த மார்க்கச்சும், விளையாட்டுச் சாமான் போலொரு தொப்பியும் இருக்கும். காவலர், மருத்துவர், விமானி, நீதிபதி என எந்தப் பையைத் திறந்தாலும் இதே கதை. ஆணுக்குத் தொழிலைக் கொடுக்கிறார்கள்; பெண்ணுக்கோ அந்தத் தொழிலின் சாயம் பூசிய உள்ளாடையைக் கொடுக்கிறார்கள். துணி பாதியாகக் குறைந்ததற்காக விலை பாதியாகக் குறைவதும் இல்லை!

இது வளர்ந்த பெண்களோடு நிற்கும் நோயும் அன்று. கனடா நாட்டுச் சமூகவியலாளர் ஏடி நெல்சன், பிள்ளைகளுக்கான 469 ஹாலோவீன் வேடங்களையும் தையல் மாதிரிகளையும் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவான வேடம் பத்து விழுக்காடுகூட இல்லை. பெண் குழந்தைகளுக்குரியவை இளவரசி, அழகுராணி, மணப்பெண் என்ற குறுகிய வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. ஆறு வயதில் இளவரசியாக மட்டும் இருக்கப் பழகியவளுக்கு இருபத்தாறு வயதில் அந்தப் பை வியப்பளிக்குமா?

2018-இல் நடந்த ஒன்று வெட்கக்கேட்டின் உச்சம். மார்கரெட் அட்வுட் 1985-இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' என்னும் புதினத்தில், பிள்ளை பெறுவதற்காகவே அடிமைப்படுத்தப்பட்ட பெண்கள் சிவப்பு அங்கியும் முகம் மறைக்கும் வெள்ளைத் தொப்பியும் அணிவார்கள். அடிமைத்தனத்தின் அந்தச் சீருடையையே குட்டைப் பாவாடையாகக் கத்தரித்து, கவர்ச்சி வேடமென்று யாண்டி என்னும் அமெரிக்க நிறுவனம் விற்பனைக்கு வைத்தது. எதிர்ப்பு எழுந்தபின் திரும்பப் பெற்றுக்கொண்டது. கதையைப் படிக்காதவரின் அறியாமை என்று இதைத் தள்ளிவிட முடியாது. படித்தவர் கைக்குத்தான் அது அவ்வளவு எளிதாகத் தோன்றியிருக்க முடியும்.

"பெண்ணின் விருப்பம், அவள் சுதந்திரம், உமக்கென்ன?" என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். அணிகின்ற பெண்ணை நான் குற்றக்கூண்டில் ஏற்றவில்லை, விற்கின்றவனைத்தான் ஏற்றுகிறேன். சுவரில் தொங்கும் நாற்பது பைகளிலும் பாவாடையின் நீளம் ஒன்றாகவே இருக்கும்போது எங்கே இருக்கிறது விருப்பம்? அதோடு, அக்டோபர் இறுதியில் அந்நாட்டின் வடபகுதிக் குளிரை நினைத்துப் பாருங்கள். 1991-இல் ஹாலோவீன் நாளன்றே தொடங்கிய பனிப்புயல் மினசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் 28 அங்குலத்துக்கு மேல் பனியைக் கொட்டிற்று. அத்தகைய ஊரில் முழங்காலும் தோளும் திறந்த உடையைத்தான் பெண்கள் தாமாக விரும்பிக் கேட்டார்கள் என்று சத்தியம் செய்பவர் யார்?

நம்மைத் தொடுகின்ற பையும் அங்கே தொங்குகிறது. 'அரபு நங்கை', 'அந்தப்புர அழகி' என்றெல்லாம் அதற்குப் பெயர். முகத்தில் மெல்லிய திரை; இடையில் ஒன்றுமில்லை. முகத்தை மூடி வயிற்றைத் திறந்துகொண்டு நடமாடிய பெண்ணை எந்த அரபு வீட்டில் யார் கண்டார்கள்? ஐரோப்பிய ஓவியர்களின் கற்பனையில் பிறந்து, ஹாலிவுட்டில் வளர்ந்த உடை அது. 1965-இல் தொடங்கிய 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், நாயகி பார்பரா ஈடனின் தொப்புள் தெரியக் கூடாதென்று அந்த நிலையத்தாரே கட்டளையிட்டிருந்தார்கள் என்றால், இன்றைய பை எங்கே வந்து நிற்கிறது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். 2015-இல் வால்மார்ட்டில் 'ஷேக்' பெயரிட்டு ஒரு பொய் மூக்கு விற்பனைக்கு வந்து, கண்டனத்துக்குப் பின் நீக்கப்பட்டது. 2011-இல் ஒஹாயோ பல்கலைக்கழக மாணவர்கள், "எங்கள் பண்பாடு உங்கள் வேடமன்று" என்ற கருத்தில் சுவரொட்டிகள் வெளியிட்டு நாடெங்கும் விவாதத்தை எழுப்பினார்கள். அவர்கள் பேசியது நமக்காக மட்டுமன்று என்பதையும் மறந்துவிடலாகாது. ஷேக்கின் மூக்கைக் கண்டு கொதிக்கும் நாம், நம் பெண்ணுக்குச் செவ்விந்திய இளவரசியின் இறகுக் கிரீடத்தையும் ஜப்பானியக் கெய்ஷாவின் கிமோனோவையும் வாங்கித் தருவது எப்படி நியாயமாகும்?

பையின் துணியைப் பற்றியும் இரண்டு சொல். 2019-இல் பிரிட்டனில் ஃபேரிலேண்ட் டிரஸ்ட், ஹப்பப் என்ற இரு அமைப்புகள் 19 கடைகளின் 324 வேட உடைகளைச் சோதித்தன. அவற்றின் மூலப்பொருளில் 83 விழுக்காடு எண்ணெயிலிருந்து செய்த பிளாஸ்டிக்கே. ஓரிரவு உடுத்திக் குப்பையில் எறியும் பொருளின் இலட்சணம் இது. நெருப்பின் கதை இதைவிடக் கொடியது. 1940-களில் அமெரிக்கச் சிறுவர்கள் அணிந்த குதிரை வீரன் வேடங்களின் ரேயான் மயிர்த்துணி தீப்பற்றிப் பிள்ளைகள் மாண்டார்கள். அத்தகைய துயரங்களே 1953-இல் எளிதில் தீப்பற்றும் துணிகளுக்கு எதிரான சட்டத்தைக் கொண்டுவந்தன. சட்டம் வந்தும் தீர்ந்ததா? 2014-இல் பிரிட்டனில் ஒரு சிறுமியின் ஹாலோவீன் உடை பூசணி விளக்கின் மெழுகுவர்த்தியில் பட்டு எரிந்து, அவள் கடுங்காயமுற்றாள். அந்நாட்டில் இரவு உடைக்கு ஒரு கடுமையான விதியும், வேட உடைக்கு 'விளையாட்டுப் பொருள்' என்ற தளர்ந்த விதியும் இருந்த செய்தி அப்போதுதான் பல தாய்மார்களுக்குத் தெரிந்தது.

"தைக்க நேரமில்லை, வேலைக்குப் போகும் பெண் வேறென்ன செய்வாள்?" என்பது மிஞ்சியிருக்கும் ஒரே வலுவான எதிர்வாதம். அதற்கு விடை நம் பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியிலேயே இருக்கிறது. ஒரு முண்டாசும் முறுக்கு மீசையும் கறுப்புக் கோட்டும் போதும். அரங்கம் முழுவதும் பாரதி என்று கைதட்டும். ஆளைக் காட்டும் ஒரே ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவை வீட்டு அலமாரியிலேயே கிடைக்கும். எளிமைக்கு இதற்குமேல் இலக்கணமில்லை.

நீலநிற முழுக்கைச் சட்டை ஒன்று, வெண்புள்ளியிட்ட சிவப்புத் தலைத்துணி ஒன்று: 1943-இல் ஜே. ஹோவர்ட் மில்லர் தீட்டிய சுவரொட்டியில் கைமடக்கி நிற்கும் தொழிற்சாலைப் பெண், உலகம் 'ரோசி' என்று அழைக்கும் பெண், எதிரே வந்து நிற்பாள். தலையை மூடும் பழக்கமுள்ள நம் பெண்களுக்கு அந்தச் சிவப்புத் துணியே முக்காடாகவும் ஆகும். இதைவிட வாகான வேடம் எனக்குத் தெரியவில்லை. தோல் சட்டையும் கழுத்துத் துண்டும் கண்ணாடியும் இருந்தால் 1932-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதற்பெண் அமீலியா இயர்ஹார்ட். நீண்ட கறுப்பு மேற்கோட்டும் பூச்செருகிய தொப்பியும் குடையும் சேர்ந்தால் 1964-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் மேரி பாப்பின்ஸ். பட்டமளிப்பு விழாவில் அணிந்த கறுப்பு அங்கி பெட்டியில் தூங்குகிறதா? அதன்மேல் வெள்ளைப் பின்னல் காலரும் பெரிய மூக்குக் கண்ணாடியும் அணிந்தால், 1993 முதல் 2020-இல் மறையும் வரை அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் அமர்ந்திருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க். பையில் விற்கும் நீதிபதியை இந்த நீதிபதியின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்!

இளம்பெண்கள் இவற்றைப் பழையன என்று முகம் சுளித்தால், வெனஸ்டே ஆடம்ஸ் இருக்கிறாள். சார்லஸ் ஆடம்ஸ் 1938 முதல் 'நியூயார்க்கர்' இதழில் வரைந்த விபரீதக் குடும்பத்தின் மகள் அவள்; 1964-இல் தொலைக்காட்சிக்கு வந்தாள்; 2022-இல் வெளியான புதிய தொடரால் அமெரிக்கச் சிறுமியர் பலரின் உள்ளங்கவர்ந்தாள். கறுப்பு முழுக்கை உடை, வெள்ளைக் காலர், இரட்டைச் சடை, சிரிக்காத முகம். கடையில் அவளும் நாற்பது டாலருக்குப் பையில் தொங்குகிறாள். வீட்டிலோ செலவு அந்தக் காலருக்குரிய அரைக்கெசத் துணி. தைக்கத் தெரியாதவர் இரண்டு ஊக்குகளால் குத்திக்கொள்ளலாம். மறுநாள் காலை ஊக்கைக் கழற்றிவிட்டு அதே கறுப்பு உடையில் வேலைக்குப் போகலாம்.