குலச்சின்னம் இருந்தால் பிரபுவா?

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளில் குலச்சின்னங்கள் செதுக்கப்பட்டுள்ளன; ஆகவே அங்கே கிடப்பவர்கள் ஹாலந்தின் பழம்பெரும் பிரபு வம்சத்தார் என்கிறார்கள். இது தப்புக்கணக்கு.

1. நெதர்லாந்தில் குலச்சின்னம் பிரபுக்களின் தனிச்சொத்து அல்ல. வணிகரும் கைவினைஞரும் வைத்துக்கொண்டார்கள், தடுக்கச் சட்டமில்லை.

2. டச்சுக் குடியரசில் பிரபுப் பட்டம் வழங்க அரசரே கிடையாது. புதிய பட்டங்கள் வந்தது 1814-இலிருந்துதான். அப்படியானால், 17ஆம் நூற்றாண்டில் இங்கே பணம் சேர்த்த வணிகரைப் பிரபுவாக்கியது யார்?

3. 1613-இல் பழவேற்காட்டின் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது ஒரு வணிகக் கம்பெனி, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் அதிகாரிகள் சம்பளக்காரர்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றியவர்கள். இதில் எந்தப் பெருமையைத் தேடுகிறோம்?

4. அசல் பிரபு வேண்டுமா? உத்ரெக்ட் பகுதியின் ரீட் குடும்பத்து ஹெந்த்ரிக் வான் ரீட் இருக்கிறார். மலபார் தாவரங்களைப் பற்றிய 'ஹோர்த்தூஸ் மலபாரிகுஸ்' நூலைத் தொகுத்தவர். கம்பெனியின் சோழமண்டலத் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்ற உத்தரவிட்டவரும் அவரே. 1691-இல் இறந்தார். கல்லறை சூரத்தில்.

செதுக்கிய கல் வசதிக்குச் சான்று, வம்சத்துக்கு அல்ல. பிரபு என்று சொல்பவர்கள் முதலில் வம்சாவளி ஆவணத்தைக் காட்டட்டும்.