பெட்ரோலுக்கு டாட்டா சொல்லலாமா?



மின்சாரக் கார் இப்பத்தான் வந்த புதுசு என்று பலர் நினைக்கிறோம். அது தவறு. 1900-ஆம் ஆண்டு வாக்கிலேயே அமெரிக்கத் தெருக்களில் மின்சாரக் கார்கள் நிறைய ஓடின. அப்போது பெட்ரோல் காரைக் கிளப்ப, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதில் கையை முறித்துக்கொண்டவர்களும் உண்டு. 1912-இல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. ஃபோர்டு காரின் விலையும் குறைந்துகொண்டே வந்தது. மின்சாரக் கார் ஓரங்கட்டப்பட்டது.

நம் நாட்டில் 2001-லேயே பெங்களூரில் 'ரேவா' என்ற குட்டிக் கார் வந்தது. ஒரு தடவை சார்ஜ் போட்டால் சுமார் 80 கிலோமீட்டர்தான். பெரிதாக விற்கவில்லை. பிறகு வந்த லித்தியம் பேட்டரி எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நார்வே நாட்டில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மின்சாரக் கார்!

என் அப்பா மெக்கானிக். அவரிடம் இதைச் சொன்னேன். "அதுல ஸ்பார்க் பிளக் இல்ல, இன்ஜின் ஆயில் மாத்த வேணாம். அப்புறம் எங்கிட்ட எதுக்குடா வருவாங்க?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருந்தாலும் மின்சாரக் கார் வரட்டும் என்றுதான் சொல்வேன். பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளின் சக்தியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது. மின்மோட்டாரில் வீணாவது கொஞ்சம்தான். கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நாம் வெளிநாட்டில்தான் வாங்குகிறோம்.

ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது.

ஒன்று, கரண்ட் எங்கிருந்து வருகிறது? நம் நாட்டு மின்சாரத்தில் பாதிக்கு மேல் நிலக்கரியை எரித்துத்தான் கிடைக்கிறது. அப்படியென்றால் நம்ம தெருப் புகையில் ஒரு பங்கு எண்ணூர் பக்கம் இடம் மாறுகிறது. அங்கேயும் நம்மைப் போல் பிள்ளைகள் படிக்கிறார்கள். முப்பந்தல் காற்றும் கமுதி வெயிலும் நம்மிடம் இருக்கின்றன. கார்கள் அதில் ஓடினால்தான் உண்மையான லாபம்.

இரண்டு, ஸ்பேனர் பிடித்த கைகளுக்கு யார் புதுத் தொழில் சொல்லித் தருவது? ஐ.டி.ஐ.யில் மாலை வகுப்பு வைக்கலாம். பேட்டரியும் மோட்டாரும் பழுது பார்க்கக் கற்றுத் தரலாம். அப்பா, "வச்சா மொத ஆளா போய் உக்காருவேன்" என்கிறார்.

கார் மாறட்டும் நண்பர்களே! அதை நம்பிப் பிழைப்பவர்களை நடுரோட்டில் விட்டுவிட்டு மாற வேண்டாம். சிந்திப்போம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்