மருந்துக் கணக்கு மக்கள் கண்ணில் படட்டும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிதம்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. பொதுப்பணத்தை அளந்து போட்டால் மட்டும் போதாது. அளந்ததை ஊரறியச் சொல்லவும் வேண்டும் என்பது என் கருத்து. அரசு மருத்துவமனைச் செலவுக்கு இது மிகவும் பொருந்தும்.

கணக்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புத்தகம் என்ற முறையை அது கொண்டுவந்தது. ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, பெற்ற மருந்தின் மதிப்பு எவ்வளவு என்பவை அதில் பதிவாகும். பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. ஆனால் வரிசையில் நிற்கும் நோயாளியின் கண்ணுக்கு அந்தக் கணக்கு எட்டுவதில்லை.

என் தந்தையார் கட்டடத் தொழிலாளி, சர்க்கரை நோயாளி. ஓர் அரசு மருத்துவமனையில், “மாத்திரை வரவில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்கள். ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டதா? பணமிருந்தும் மருந்து வந்து சேரவில்லையா? அவருக்குத் தெரியாது. மாத்திரை கொடுப்பவரை ஏசிவிட்டு வந்தார். அவர்மேல் குற்றமில்லாமலும் இருக்கலாம். கணக்கு மறைந்திருந்தால் ஏழைக்கு மருந்துமில்லை, ஊழியருக்கு நற்பெயருமில்லை.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4-ஆம் பிரிவில், ஒதுக்கீட்டையும் செலவையும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. வெளியிடும் வழிகளில் அறிவிப்புப் பலகையையும் குறிப்பிடுகிறது. ஆகவே நான் கேட்பது புதிய சலுகையன்று. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலைய வாசலிலும் தமிழில் ஒரு பலகை; அதில் ஒதுக்கீடு, பெற்றது, மீதி, இருப்பில் இல்லாத மருந்துகள் என நான்கே வரிகள். மாதந்தோறும் திருத்தி எழுதினால் போதும்.

“பாமரனுக்குக் கணக்கு என்ன புரியும்?” என்பார் சிலர். ரேஷன் கடையின் இருப்புப் பலகையை எழுத்தறியாத என் தாயார் பக்கத்தில் நிற்பவரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பலகையில் உள்ள பருப்பு கடையில் இல்லையென்றால் ஏன் என்று கேட்காமல் நகரமாட்டார்!

மாணவ நண்பர்களே! 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதி, 30 நாள் காத்திருந்து பதில் பெற நமக்குத் தெரியும். நம்மைப் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? வாசலில் பலகை வைக்கச் சொல்லிக் கிராம சபையில் கேட்போம். வைத்த பிறகு, படிக்கத் தெரியாதவர்களுக்கு நாமே நின்று படித்துக் காட்டுவோம்.