மூளைக்கலம் விளையாடுது, சரி. அது ஆருடைய கலம்?

"ஆய்வுகூடத்தில வளர்த்த மூளைக்கலம் வீடியோ கேம் விளையாடுது" என்ற செய்தியை எங்களில் பலர் பார்த்திருப்போம். "அட!" என்று சொல்லி, பகிர்ந்துவிட்டு, அடுத்ததுக்குப் போயிருப்போம். இந்தமுறை கொஞ்சம் நின்று யோசிப்போம்.

மெல்பேர்ணில் உள்ள கோர்ட்டிக்கல் லாப்ஸ் என்ற நிறுவனம், மின்வாய்கள் பதித்த சிப் ஒன்றின் மேல் ஏறத்தாழ 8 இலட்சம் நரம்புக்கலங்களை வளர்த்தது. மனிதக் கலங்களிலும் சுண்டெலிக் கலங்களிலும் செய்து பார்த்தார்கள். 'பொங்' என்ற பழைய விளையாட்டில் பந்து எங்கே வருகிறது என்பதை மின்துடிப்பாகக் கலங்களுக்குக் கொடுத்தார்கள். கலங்கள் திருப்பித் தந்த துடிப்பு மட்டையை நகர்த்தியது. பந்தில் பட்டால் ஒழுங்கான துடிப்பு, தவறினால் தாறுமாறான இரைச்சல். ஐந்து நிமிடத்துக்குள்ளேயே கலங்களின் ஆட்டத்தில் முன்னேற்றம் தெரிந்தது. 2022 ஒக்ரோபரில் 'நியூரோன்' ஆய்விதழில் இது வெளியானது.

அந்தக் கட்டுரை இக்கலங்களுக்கு 'உணர்திறன்' இருப்பதாகச் சொன்னதை அடுத்த வருடமே வேறு விஞ்ஞானிகள் அதே இதழில் மறுத்தார்கள். நாங்களும் அவர்கள் பக்கம்தான். பழகிக்கொள்வது வேறு, உணர்வது வேறு.

ஆனால் "அதுக்கு உணர்வு இருக்கா?" என்று மட்டுமே கதைத்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் இருக்கிற இன்னொரு கேள்வி தப்பிப்போகுது. 2025இல் அதே நிறுவனம் மனித நரம்புக்கலங்களில் இயங்கும் கணினியை ஏறத்தாழ 35,000 டொலர் விலையில் அறிவித்தது. வாங்க வசதியில்லாதவர்கள் இணையம் வழியாக வாடகைக்கும் எடுக்கலாம். இந்தக் கலங்கள் வானத்திலிருந்து விழவில்லை. வளர்ந்த ஒருவர் கொடுத்த தோல் அல்லது இரத்தக் கலங்களைப் பின்னோக்கி மாற்றி, அவற்றிலிருந்து நரம்புக்கலங்களை உருவாக்குகிறார்கள். யமனாக்கா 2006இல் முதலில் எலிக்கலங்களில் காட்டிய வழி அது. அப்படியென்றால் ஒவ்வொரு சிப்பின் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார்.

ஹென்ரியட்டா லக்ஸை மறக்க ஏலாது. 1951இல் பால்டிமோரில் அந்தக் கறுப்பினத் தாயின் புற்றுநோய்க் கலங்களைக் கேட்காமலே எடுத்தார்கள். உலகம் முழுவதும் ஆய்வுகூடங்கள் அதை வளர்த்தன, கம்பனிகள் விற்றன. தேர்மோ பிஷர் கம்பனியுடன் அவருடைய குடும்பத்துக்கு இணக்கம் ஏற்பட்டது 2023இல். 72 வருடம்!

இன்று ஒப்புதல் வாங்குகிறார்கள், உண்மைதான். ஆனால் "ஆராய்ச்சிக்கு" என்று கையெழுத்து வைத்தவர், தன் கலம் வாடகைக் கணினியாகும் என்று நினைத்திருப்பாரா?

இந்த ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. வலிப்பு, மறதிநோய் போன்றவற்றுக்கான மருந்துகளை மனிதக் கலத்திலேயே பரிசோதிக்கலாம், விலங்குகளை வதைப்பதும் குறையும். நல்ல விசயம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: விற்பனைக்குப் போகலாம் என்பதைப் படிவத்தில் நேராக எழுதுங்கள். பிறகு வேண்டாம் என்று சொல்ல வழி வையுங்கள். இலாபம் வந்தால் கொடுத்தவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

அடுத்தமுறை இப்படி ஒரு செய்தியைப் பகிரும்போது, "இது ஆருடைய கலம்?" என்ற கேள்வியையும் சேர்த்துப் பகிர்வோம்.